பழுது பம்பில் இல்லை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஸ்லிப்வேயில் விசைப்படகுகளை ஏற்றிவைத்து வேலை பார்ப்பவர்கள், சென்னைத் துறைமுகத்துக்குள் ஓடும் சிறு வேலைப்படகுகளை ஓட்டும் ஸ்ராங்குகள், படகு கட்டித் தரும் முதலாளிகள் என எல்லாத் தரப்பிலும் ஊறிப்போன ஒரு கருத்து உண்டு: “கடல்ல கக்கூஸ் பம்பு நிக்காது,” அதாவது நீடித்து உழைக்காது. கழிவுத் தொட்டி காலியாகாமல் நின்றுவிட்டால் முதல் சந்தேகம் பம்பின் மேல், விசாரணையே இல்லாமல் தீர்ப்பும் பம்பின் மேல். “பம்பு பூட்ச்சுண்ணா, புச்சு போட்டுக்கலாம்” என்று மெக்கானிக் ஸ்பானரை எடுக்கிறார். ஓனரும் தலையாட்டுகிறார். அதுவும் நின்றுபோனால், அந்தக் கழிப்பறையே வேண்டாம் என்று முடிவாகி, உள்ளே வலைக்கயிறும் டீசல் கேனும் குடியேறுகின்றன.

இந்தக் கருத்து தவறு. பழகிப்போன தவறு என்பதால் அது அனுபவ அறிவுபோல உலவுகிறது.

பணிமனைக்குள் முடிந்துபோகிற சின்ன விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பம்பு நிற்காது என்ற நம்பிக்கையின் மேல்தான் வேறு மூன்று முடிவுகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மீன்பிடிப் படகில் கழிப்பறை தேவையில்லை என்பது ஒன்று. தேங்கியதைத் துறைமுகத் தண்ணீரிலேயே திறந்துவிடலாம் என்பது இரண்டு. அடைத்துக்கொண்டால் ஓர் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாம் என்பது மூன்று. முதலாவது மானத்தைக் கெடுக்கிறது, இரண்டாவது தண்ணீரைக் கெடுக்கிறது, மூன்றாவது உயிரை எடுக்கிறது. அதனால் அந்த நம்பிக்கையை அதன் சொந்தக் களமான பணிமனையிலேயே வைத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

படகின் கழிவுத் தொட்டி சிக்கலான பொருளில்லை. கழிப்பறையிலிருந்து வருவதைக் கரையோரத்தில் கொட்டாமல் தேக்கிவைக்கும் பெட்டி அது. அதன் அடியிலிருந்து உறிஞ்சுகுழாய் ஒன்று பம்புக்கு வருகிறது. பம்பிலிருந்து தள்ளுகுழாய் படகின் பக்கத்தில் இருக்கும் கடல்வால்வுக்கோ, கரையிலிருந்து குழாய் மாட்டும் மூடிக்கோ போகிறது. தொட்டியின் தலையிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் வெளியே திறந்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஹோஸ்கள், கிளிப்புகள், ரப்பர் வால்வுகள், மின்கம்பி. இத்தனையும் ஒழுங்காக இருந்தால்தான் பம்பு தன் வேலையைச் செய்யும். எது கெட்டாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: பம்பு ஓடுகிறது, எதுவும் போகவில்லை. சத்தம் வருகிற இடம் பம்பு என்பதாலேயே குற்றவாளியும் அதுதான் என்று முடிவுகட்டுகிறார்கள்.

பம்புக்குத் தானாக எதையும் இழுக்கும் சக்தி கிடையாது. தன் வாய்ப்பக்கம் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. தொட்டிக்குள் கழிவின் மேல் அமர்ந்திருக்கும் காற்றுதான் அதைக் குழாய்க்குள் தள்ளிக்கொடுக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிப் பழுதுகள் தாமாகவே விளங்கிவிடும்.

தொட்டியிலிருந்து நூறு லிட்டர் வெளியே போக வேண்டுமானால் நூறு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். அது வருகிற வழி அந்த மெல்லிய காற்றுக்குழாய். தொட்டி நிரம்பி வழிந்தபோதோ, படகு சாய்ந்து ஆடியபோதோ கழிவு அதற்குள் ஏறிக் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. வெளிவாயில் உப்பு பூக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு சும்மா நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிடுவதும் உண்டு. வாய் அடைபட்ட பிறகு பம்பு ஓடினால் என்ன ஆகும்? முதலில் கொஞ்சம் போகும். பிறகு தொட்டிக்குள் காற்றழுத்தம் குறையும். பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் உள்வாங்கும். பம்பு முனகும். கடைசியில் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மேல்தளத்தில் இருக்கும் தொட்டி மூடியைத் திறந்துவைத்துப் பம்பை ஓட்டினால் போதும். உடனே கழிவு போகத் தொடங்கினால் பம்பு நிரபராதி. காற்றுக்குழாயைக் குத்திச் சுத்தம் செய்ய ஒரு கம்பி போதும்.

அடுத்தது உறிஞ்சுகுழாயில் நுழையும் காற்று. வெயிலில் இறுகிப்போன ஹோஸ், தளர்ந்த கிளிப், நசுங்கிய கேஸ்கட், இவற்றில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பம்பு கழிவுக்குப் பதிலாகக் காற்றைக் குடிக்கும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கப் பார்ப்பவரின் கதைதான். மெக்கானிக்குகள் ஏமாறும் இடமும் இதுவே. அங்கே ஒரு சொட்டும் ஒழுகாது. உறிஞ்சுபக்கம் வெளியைவிட அழுத்தம் குறைவு. ஆகவே காற்று உள்ளே போகுமே தவிர, தண்ணீர் வெளியே வராது. காய்ந்து சுத்தமாக இருக்கும் மூட்டைப் பார்த்து “ஜாயின்ட்டு நல்லாத்தான் இருக்கு” என்று கடந்துபோகிறார்கள். அந்தக் குழாயின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோலத் தெரியும் ஹோஸைச் சேர்த்துப் பாருங்கள். உள்ளே குமிழி ஓடினால் எங்கோ காற்று நுழைகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் குமிழி நிற்கிறதோ அங்கே பழுது. கடலோரப் படகில் ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது ரப்பர் வால்வு. வாத்தின் அலகு போன்ற வடிவம் என்பதால் இதை டக்பில் என்பார்கள். டயாபிரம் பம்பின் முன்னும் பின்னும் உட்கார்ந்து, போனது திரும்பி வராமல் காப்பது இதன் பணி. அதன் இரண்டு உதடுகளும் ஒட்டி மூடினால்தான் உறிஞ்சும் சக்தி உருவாகும். காசிமேட்டில் இப்படிக் கழற்றிப் போட்ட பம்பு ஒன்றைப் படகுத்துறையில் சாக்கு விரித்துப் பிரித்தபோது அதைக் கண்கூடாகப் பார்த்தேன். மோட்டார் சுழன்றது. டயாபிரம் கிழியவில்லை. வால்வைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், அலகின் நடுவே பச்சை நைலான் வலை இழை ஒன்று, தையல் நூல் அளவுதான், குறுக்கே மாட்டியிருந்தது. அதை உருவி எடுத்து, வால்வைக் கழுவி மாட்டி, வாயை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து பேட்டரியைக் கொடுத்ததும் மறுபக்கம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அதற்குள் அந்தப் படகில் புதுப் பம்பு ஏறிவிட்டிருந்தது. வலை வைக்கும் அறையாகவும் கழிப்பறையாகவும் ஒரே இடத்தைப் பயன்படுத்தும் வரை புதுப் பம்பின் வால்விலும் இழை மாட்டத்தான் போகிறது.

நான்காவது, குழாய்க்குள் படியும் கல். கடல்நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. சிறுநீரோடு அவை சேர்ந்து குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புபோல இறுகுகின்றன. ஒன்றரை அங்குல ஹோஸ், சில வருடங்களில் விரல் நுழையும் துளையாகச் சுருங்கிவிடும். ஹோஸை லேசாக வளைத்தால் உள்ளே நறநறவென்று உடையும் சத்தம் கேட்கும். கல் படியக் காரணம், தண்ணீரைச் சேமிப்பதாக நினைத்துக்கொண்டு ஓரிரண்டு அடி மட்டும் கைப்பம்பு அடித்துவிட்டு எழுந்துவிடுவது. சிறுநீர் குழாயிலேயே தேங்கி நிற்கிறது. கழிப்பறையிலிருந்து தொட்டி வரை உள்ள குழாய் முழுதும் புதுத் தண்ணீரால் நிரம்பும் அளவுக்கு அடித்தால் கல் படிவது பெருமளவு குறையும்.

ஐந்தாவது மின்சாரம். 12 வோல்ட் பம்புக்கு பேட்டரியிலிருந்து நீண்ட தூரம் மெல்லிய கம்பியை இழுத்து, உப்புக்காற்றில் பச்சை பூத்த டெர்மினலில் முறுக்கி விடுகிறார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.5 காட்டும். “கரன்ட்டு ஃபுல்லா வருது” என்று திருப்தியாகிவிடுகிறார்கள். பம்பு ஓடாதபோது அளந்தால் அப்படித்தான் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பின் முனையிலேயே வைத்து அளக்க வேண்டும். அப்போது 10-க்குக் கீழே இறங்கினால் பம்பைக் கழற்றாதீர்கள், கம்பியை மாற்றுங்கள். வேகம் குறைந்த மோட்டார் உறிஞ்சும் சக்தியை இழக்கிறது, சூடாகிறது, நாளடைவில் கருகவும் செய்கிறது. கருகிய பிறகு பிரித்துப் பார்ப்பவர், “பாத்தியா, பம்பு பூட்ச்சு” என்பார். கொன்றது கம்பி.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். “அதெல்லாம் சரி, புதுப் பம்பு போட்டவுடனே ஓடியதே? அப்படியானால் பழையதுதானே கெட்டிருந்தது?” கேட்பதற்கு மறுக்க முடியாததுபோல இருக்கும். ஆனால் பம்பை மாற்றும்போது நடப்பதை வரிசையாகப் பாருங்கள். பழைய ஹோஸைப் பம்பிலிருந்து பிடுங்குகிறார்கள்; இறுகிப்போன நுனியை வெட்டி எறிந்து, நல்ல பகுதியை மாட்டுகிறார்கள். புதுக் கிளிப் போட்டு முறுக்குகிறார்கள். புதுப் பம்போடு புது ரப்பர் வால்வும் புது கேஸ்கட்டும் வருகின்றன. டெர்மினலைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டுகிறார்கள். தொட்டியைக் காலி செய்ய மேல்மூடியைத் திறக்கிறார்கள். நான் மேலே சொன்ன பழுதுகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரு வேலையிலேயே, யாரும் கவனிக்காமல், சரியாகிவிடுகின்றன. பெயர் மட்டும் புதுப் பம்புக்கு. ஒரே நேரத்தில் ஐந்து பொருளை மாற்றிவிட்டு, விலை அதிகமான ஒன்றுக்கு மட்டும் நன்றி சொல்வது சோதனை ஆகாது. பழைய பம்பையே கழற்றித் துடைத்து, இதே கவனத்தோடு திரும்ப மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைச் செய்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. பழைய பம்பு இரும்புக்கடைக்குப் போய்விடுகிறது. காற்றுக்குழாயை யாரும் தொடவில்லை என்பதால் சில மாதத்தில் புதுப் பம்பும் வேலை செய்யாமல் போகிறது. கடல்மேல் பம்பு நிற்காது என்ற பழமொழிக்கு இன்னொரு சாட்சி கிடைக்கிறது.

“அப்படியானால் பெரிய பம்பாகப் போடுவோம், இழுத்துத் தள்ளிவிடும்” என்பது அடுத்த வாதம். இதற்கு இயற்கையே பதில் சொல்லிவிட்டது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். உலகத்தின் எவ்வளவு பெரிய பம்பாலும் அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். சிறு படகில் தொட்டியின் அடியிலிருந்து பம்பு வரை உள்ள உயரமோ ஒன்றிரண்டு மீட்டர். சாதாரணப் பம்புக்கே அது எளிய வேலை. காற்று நுழையும் ஓட்டை இருந்தால் பெரிய பம்பு அதிகக் காற்றைக் குடிக்கும். காற்றுக்குழாய் அடைத்திருந்தால் பெரிய பம்பு ஹோஸை நசுக்கும், தொட்டியைப் பிளக்கும். கம்பி மெலிந்திருந்தால் பெரிய மோட்டார் அதிக ஆம்பியர் கேட்டு இன்னும் அதிக வோல்டேஜை இழக்கும். எந்தப் பழுதையும் அது தீர்ப்பதில்லை; எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது.

அடுத்த வாதம்தான் என்னைக் கோபப்படுத்துவது: “ஆசிட்டை ஊத்து, இல்லாட்டி ஆளை எறக்கு.” தேங்கிய கழிவுக்குள் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை நம்மை எச்சரிக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாமல் போய்விடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று நம்பிக் குனிபவர் அப்படியே சாய்கிறார். தூக்கப் போனவரும் சாய்கிறார். கடும் ஆசிட்டை ஊற்றினால் கரைந்திருக்கும் சல்பைடு முழுதும் வாயுவாகக் கிளம்பும். முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரினும் சேர்ந்து வரும். சிறு படகின் தொட்டிக்குள் ஆள் நுழைய முடியாது. தலையையும் கையையும்தான் விடுகிறார்கள். ஆனால் இழுவைப்படகுகளிலும் தோண்டுகப்பல்களிலும் மிதவைகளிலும் ஆள் இறங்கும் வாய் உள்ள தொட்டிகள் உண்டு.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை அது குற்றமாக்கியது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்ந்தது. படகுத் தொட்டி என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லையே என்று யாராவது வாதிட வரலாம். கழிவு தேங்கும் மூடிய பெட்டி தரையில் புதைந்திருந்தால் என்ன, தண்ணீரில் மிதந்தால் என்ன? உள்ளே இருக்கும் வாயு ஒன்றுதான், சாகிறவரின் சாவும் ஒன்றுதான். பம்பு நிற்காது என்று சொல்லி ஆளை இறக்குகிறவர், மேல்மூடியைத் திறந்து காற்றுக்குழாயைச் சோதித்தாரா என்று கேட்க வேண்டும். சோதிக்கவில்லை என்றால், அடைபட்ட ஒரு குழாய்க்குப் பதிலாக ஓர் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்.

இனி மீன்பிடிப் படகுக்கு வருவோம். காசிமேட்டிலிருந்து தங்கல் மீன்பிடிக்குப் போகும் விசைப்படகில் பத்துப் பேர் அளவில் ஏறி, பல நாட்கள் கடலிலேயே இருக்கிறார்கள். கழிப்பறை இல்லாத படகில் பின்பக்க விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இரவு, அலை, வழுக்கும் தளம், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின். தவறி விழுந்தவரை இருட்டில் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கடலுக்குப் போகிற எவரும் சொல்வார். இதைப் பேச்செடுத்தால், “வெச்சா மட்டும் நிக்கவா போவுது, பம்பு பூடும்” என்று வாயை அடைக்கிறார்கள். கடலின் ஆட்டத்துக்கும் உப்புக்கும் இந்தக் கருவிகள் தாங்காதாம்.

ஆட்டம் தாங்காது என்பதற்குப் பதில் பெரம்பூரில் இருக்கிறது. அங்குள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, ஐ.சி.எஃப்., 2018-இல் கட்டி முடித்த ‘ட்ரெயின் 18’, பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற ரயில், வெற்றிடத்தால் உறிஞ்சும் கழிப்பறைகளோடுதான் வெளியே வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தடதடக்கும் பெட்டியில், நாளெல்லாம் நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் கருவி அது. உப்பு தாங்காது என்பதற்குப் பதில் நம் துறைமுகத்திலேயே கட்டி நிற்கிறது. சென்னையிலும் எண்ணூரிலும் வந்து சேரும் சரக்குக் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் இருந்து வருபவை. அவற்றில் கழிவுத் தொட்டியும் பம்பும் வேலை செய்கின்றன. அந்தக் கப்பலின் பம்புக்குத் தனி வரம் எதுவும் இல்லை. யார், எப்போது, எந்த வால்வைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த பராமரிப்பு ஒழுங்கு இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அரசுக்கும் இது தெரியாததில்லை. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், விசைப்படகுகளில் உயிரிக் கழிப்பறை அமைப்பது மானியம் பெறத் தகுந்த ஒரு பணியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மீன்பிடித் தொழில் உடன்படிக்கை, 188-ஆம் எண்ணுடையது, 2007-இல் நிறைவேறி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மீன்பிடிக் கலங்களில் தங்கி வேலை செய்பவர்களுக்குக் கழிப்பறையும் கழுவும் வசதியும் வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. 2025-இல் திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. சூரையைத் தேடிப் போகிறவர்கள் ஆழ்கடலுக்குத்தான் போக வேண்டும்; இன்னும் அதிக நாள் தங்க வேண்டும். மீனைக் கெடாமல் கொண்டுவரக் குளிரூட்டி வைக்க முடிகிறது, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி வைக்க முடிகிறது, செயற்கைக்கோள் கருவி வைக்க முடிகிறது. அவை கெட்டால் மறுநாளே ஆள் வந்து சரிசெய்கிறார். கழிவுப் பம்பு மட்டும் கெட்டால் விதி என்று விட்டுவிடுகிறோம். தாங்காதது கருவியா, நம் அக்கறையா?

கடைசியாக ஒரு வாதம்: “கடல் பெருசு, எல்லாத்தையும் இழுத்துக்கும்.” கடல் பெரிதுதான், காசிமேட்டுத் துறைமுகம் கடல் இல்லை. அலைதடுப்புச் சுவர்களுக்குள் அடைத்துவைத்த குளம் அது. சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறி இறங்கும் ஓதம் தண்ணீரை அடித்துக்கொண்டு போவதைப் போல இங்கே நடக்காது. உள்ளே கொட்டியது உள்ளேயே சுற்றும். 1984 முதல் செயல்படும் அந்தத் துறைமுகத்தில் கட்டி நிற்கும் படகுகளின் நெரிசலையும், டீசலும் கழிவும் கலந்து கறுத்த அந்தத் தண்ணீரையும், அதே துறையில் கொட்டி ஏலம் விடப்படும் மீனையும் ஒருசேரப் பார்த்த எவரும் கடல் இழுத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டார்.

கப்பல்களுக்கான மார்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு 2003 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது. அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலும், தொட்டியில் தேக்கிய பச்சைக் கழிவை 12 கடல்மைலுக்கு அப்பாலும், அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சிறுகச் சிறுகத்தான் விடலாம். 400 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்றும் சிறு கப்பல்களுக்கும்தான் இந்த விதி. நம் விசைப்படகுகள் அதற்குள் வராது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதாலேயே நம் பிள்ளைகள் நீந்தும் தண்ணீரும் நாம் தின்னும் மீனும் வேறு ரகமாகிவிடுமா? தங்கல் படகு 12 கடல்மைலைத் தாண்டித்தான் போகிறது. கரைக்குத் திரும்பும் முன் அங்கேயே தொட்டியைக் காலி செய்துவிட்டு வர ஓடுகிற ஒரு பம்பு போதும்.

கருவியைக் குற்றம் சொல்லிக் காரணத்தைத் தப்பவிடும் வழக்கத்துக்கு இந்தக் கரை இதைவிடப் பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. கனத்த எரிஎண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளில் வந்து அப்பிய பிறகு, உறிஞ்சும் லாரிகள் வந்தன, திணறின. மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். நாடே “நம்மிடம் நல்ல இயந்திரம் இல்லை” என்று பேசியது. கடல்நீரோடு கலந்து களிபோல இறுகி, குப்பையோடு பாறை இடுக்கில் புகுந்த எண்ணெயை எந்தப் பம்பும் எளிதில் உறிஞ்சாது. அது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த முதல் மணி நேரங்களில் மிதவை வேலி போட்டு வளைத்திருக்க வேண்டும். இல்லை என்று மறுத்த அந்த நேரத்தில்தான் வேலை கெட்டது. பழியை மட்டும் லாரி சுமந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மறுபடியும் மீனவர் கையில் குவளையும் வாளியும்தான் இருந்தன. பழுதின் மூலத்தைத் தேடாத ஊரில் அதே பழுது திரும்பி வருவதில் வியப்பில்லை.

பம்பு ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. டயாபிரம் கிழியும். அரைத்துத் தள்ளும் மாசரேட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே கருகிவிடும். தடைக்காலத்தில் அசையாமல் நின்றால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரின் சீல் போனால் உப்புநீர் உள்ளே இறங்கும். இவை நடக்கத்தான் செய்கின்றன. என் வாதம் வரிசையைப் பற்றியது. கடைசியில் சந்தேகப்பட வேண்டியதை முதலில் தூக்கில் போடுகிறோம். மேல்மூடியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள். உறிஞ்சுகுழாயைப் பம்பிலிருந்து கழற்றி, ஒரு சிறு ஹோஸை மாட்டி வாளித் தண்ணீரில் விடுங்கள். தண்ணீரை எடுத்தால் பம்பு நலம். பழுது தொட்டிப் பக்கம். எடுக்கவில்லை என்றால் வால்வைக் கழற்றிக் கழுவி இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகும் எடுக்காவிட்டால் தாராளமாகப் பம்பை மாற்றுங்கள், நானும் மறுக்க மாட்டேன். இவ்வளவுக்கும் தேவைப்படுவது ஒரு வாளி, ஒரு மீட்டர், ஒரு ஸ்குரூ டிரைவர், அரை மணி நேரம்.

ஆகவே கேட்பது இவைதான். படகு ஓனர்கள் புதுப் பம்புக்குப் பணம் எடுக்கும் முன், இந்தச் சோதனைகளைத் தங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகள் தொட்டிக்குள் தலையை விடவோ, ஆளை இறக்கவோ, ஆசிட் ஊற்றவோ மாட்டோம் என்று உறுதியாக நிற்க வேண்டும். எந்த ஓனரும் அதைக் கேட்கக் கூடாது. தடைக்காலத்தில் ஆண்டுதோறும் விசைப்படகுகளை ஆய்வு செய்யும் மீன்வளத் துறை, பதிவெண்ணையும் நீளத்தையும் என்ஜினையும் பார்க்கும் அதே படிவத்தில் கழிப்பறைக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இருக்கிறதா, ஓடுகிறதா. காசிமேட்டிலும் திருவொற்றியூர் குப்பத்திலும் டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் இடம் ஒதுக்கியதுபோல, தொட்டியைக் காலி செய்யவும் கரையில் ஒரு குழாய் வைக்க வேண்டும். மானியம் திட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் விண்ணப்பங்களைச் சங்கங்கள் எழுதித் தர வேண்டும்.

இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. “கடல்ல பம்பு நிக்காது” என்று இனி யாராவது சொன்னால், காற்றுக்குழாயைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். பார்க்கவில்லை என்று பதில் வந்தால், அவருடைய சொல்லை நம்பி எந்தப் படகோட்டியின் கழிப்பறையையும் பூட்டாதீர்கள்.